மேட்டுக்கு விலை பேசுகிறார்கள். ஓடைக்கு யார் பேசுவது?

நம் கோலார் தங்கவயலின் சயனைடு மேட்டுக்கு விலை பேசத் தொடங்கிவிட்டார்கள். 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்ததிலிருந்து பெங்களூருக்கும் தில்லிக்கும் நடுவே கோப்பு நகர்கிறது. பாரத் கோல்டு மைன்ஸ் வசமிருக்கும் 13 மேடுகள், 1,003 ஏக்கர், சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் மண். அதற்குள் மிஞ்சிக் கிடக்கும் தங்கத்தை மறுபடி பிரித்தெடுக்கப் போகிறார்கள். எத்தனை கிலோ தங்கம் தேறும், எத்தனை கோடி வரும், எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்று ராபர்ட்சன்பேட்டை டீக்கடையிலிருந்து மாரிக்குப்பம் ரயில் பெட்டி வரைக்கும் ஒரே பேச்சு. அந்த மேட்டில் விழும் மழை எங்கே போகிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

நாம் கேட்க வேண்டும். ஏலப் பத்திரம் எழுதி முடிப்பதற்குள் கேட்க வேண்டும். மேட்டில் முதல் எந்திரம் கை வைப்பதற்கு முன்னால், அந்த மேடுகளிலிருந்து மழைநீர் இறங்கும் ஒவ்வொரு ஓடைக்கும், அது போய்ச் சேரும் ஒவ்வொரு ஏரிக்கும் சேர்த்து ஒரு நீர்வடிப்பகுதித் திட்டம் வேண்டும். அந்தத் திட்டத்தைப் போடுவதற்கான பணமும் நிறைவேற்றுவதற்கான பணமும் ஏல நிபந்தனையிலேயே எழுத்தில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் உங்கள் எல்லோரையும் அழைக்கிறேன்.

நம் ஊரில் பிறந்தவர்களுக்கு மேட்டைப் பற்றிப் பாடம் நடத்தத் தேவையில்லை. ஆடிக் காற்றில் அந்தச் சாம்பல் மண் எழும்பி வரும்போது பள்ளிக்கூட ஜன்னலை அடைத்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் நாம். சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டு அம்மாக்கள் சோற்றுப் பானையை ஈரத்துணி போட்டு மூடுவார்கள். தூசி கண்ணில் படுகிறது, தொண்டையில் படுகிறது. அதனால் தூசிக்காக நாம் குரல் கொடுத்திருக்கிறோம். ஐப்பசி மழையில் ஓடுவது அப்படிக் கண்ணில் படுவதில்லை. பெய்யும்போது எல்லோரும் வீட்டுக்குள் இருக்கிறோம். மறுநாள் வெயில் வந்ததும் மேட்டில் புதிதாக வெட்டிய வாய்க்கால் போல நாலைந்து கீறல் தெரியும். அவ்வளவுதான். அந்தக் கீறலில் இருந்த மண் எங்கே? அது நடந்து போய்விட்டது. கால்வாயில் இறங்கி, ஓடையில் சேர்ந்து, ஏரி வாயில் படிந்துவிட்டது.

சின்ன வயதில் தகரத்தட்டை வைத்துக்கொண்டு மேட்டில் சறுக்கி விளையாடியவன் நான். மழை விட்ட மறுநாள் அடிவாரத்துக் குட்டையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்து நிற்கும். ஒரு தவளை இருக்காது, ஒரு பாசி இருக்காது. "அந்தத் தண்ணியில கால் வைக்காதடா" என்று அம்மா கத்துவாள். ஏன் என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது. பக்கத்து லைன் பெரியப்பா வளர்த்த ஆடுகள் அந்தப் பக்கம் மேயப் போனால் அவர் கம்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவார். படிக்காத அவர்களுக்குத் தெரிந்தது, பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டதோடு பெரிதாக மாறுபடவில்லை.

120 ஆண்டுகளில் நம் தாத்தாக்களும் அப்பாக்களும் பூமிக்கு அடியில் இறங்கி 5 கோடி டன்னுக்கு மேல் பாறையை வெட்டி ஏற்றினார்கள். அதிலிருந்து கிடைத்த தங்கம் சுமார் 800 டன். சராசரி போட்டுப் பாருங்கள், ஒரு டன் பாறைக்கு 16 கிராம். மாவு போல அரைத்த மிச்சப் பாறையை சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்துவிட்டு, கழிவைக் கொட்டிக் கொட்டி வந்ததுதான் இந்த மேடுகள். பெயரில் சயனைடு இருப்பதால் எல்லோரும் சயனைடையே நினைத்துப் பயப்படுகிறார்கள். திறந்த வெளியில் வெயிலும் காற்றும் பட்டால் சயனைடு மெல்ல மெல்லச் சிதைந்துபோகும். சிதையாதது வேறு. பாறையோடு சேர்ந்து அரைபட்ட கந்தகக் கனிமங்கள் அந்த மண்ணில் இருக்கின்றன. நந்திதுர்க் மைன் பக்கத்து ஓரியண்டல் லோடில் ஆர்சனிக் கலந்த கனிமம் உண்டு என்பது அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். பூமிக்குள் காற்றுப் படாமல் கிடந்தவரை அவை சும்மா இருந்தன. அரைத்து வெளியே கொட்டியதும் காற்றும் மழையும் சேர்ந்து கந்தகத்தை அமிலமாக்குகின்றன. அமிலம் மண்ணிலிருக்கும் உலோகங்களைக் கரைக்கிறது. கரைந்ததை மழை தூக்கிக்கொண்டு போகிறது. தண்ணீர் தெளிவாக நின்றதற்கும் தவளை இல்லாமல் போனதற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும். தூசி கண்ணில் விழுந்தால் கசக்கிக்கொள்ளலாம். தண்ணீரில் கரைந்த ஆர்சனிக்குக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். 1,000 லிட்டர் தொட்டியில் 10 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பின் எடைகூட வராது.

வெள்ளைக்காரன் கம்பெனி தண்ணீரைப் பற்றி அக்கறை இல்லாதது என்று சொல்ல மாட்டேன். 1900களின் தொடக்கத்திலேயே பேத்தமங்கலத்தில் பாலாற்று ஏரித் தண்ணீரைச் சுத்தம் செய்து, குழாய் போட்டு, மைன்ஸுக்கும் பங்களாக்களுக்கும் கொண்டுவந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரத்தையே இழுத்து வந்த கம்பெனிக்கு இது பெரிய காரியம் இல்லை. உள்ளே வரும் தண்ணீருக்கு அவ்வளவு கணக்கு பார்த்தார்கள். வெளியே போகும் தண்ணீருக்கு ஒரு கணக்கும் இல்லை. கம்பெனி போய் மைசூர் அரசு வந்தது. பிறகு மத்திய அரசு வந்தது. அந்த ஒரு வழக்கம் மட்டும் மாறவே இல்லை.

2001 பிப்ரவரி 28, மைன்ஸைப் பூட்டிய நாள். அந்தத் தேதியை நான் உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. சங்கு ஊதாத முதல் காலை எப்படி இருந்தது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். நமக்குத் தெரியாமல் போனது வேறொன்று. சுரங்கத்தை மூடுகிறவர் மூடும் திட்டம் தர வேண்டும், அதற்கு நிதி உத்தரவாதம் கட்டி வைக்க வேண்டும் என்ற விதி இந்த நாட்டில் 2003 ஏப்ரலில்தான் வந்தது. இரண்டே ஆண்டு தள்ளி. இன்றைய விதிப்படி ஏ வகைச் சுரங்கத்துக்கு ஒரு ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் உத்தரவாதம். நம் 1,003 ஏக்கர் என்பது 406 ஹெக்டேர். பெருக்கினால் 20 கோடிக்கு மேல் வருகிறது. மேட்டுக்கு மட்டும் அது, ஓடை, ஏரி, வயல் எதுவும் அதில் சேராது. அந்த 20 கோடிகூட நமக்காக யாரும் கட்டி வைக்கவில்லை. கட்ட வேண்டும் என்ற சட்டம் அன்று இல்லை.

அதே 2001இல் நம் கோலார் மாவட்டத்தில் ஒரு பெரிய நீர்வடிப்பகுதித் திட்டம் தொடங்கியது. உலக வங்கிக் கடனில் வந்த சுஜலா திட்டம். கோலார், தும்கூர், சித்ரதுர்கா, ஹாவேரி, தார்வாட் என்று ஐந்து மாவட்டங்கள். சின்னச் சின்ன நீர்வடிப்பகுதியாகப் பிரித்து, ஊராரை உட்காரவைத்துத் திட்டம் போட்டு, செயற்கைக்கோள் படம் வைத்துச் சரிபார்த்தார்கள். வரப்பு போட்டார்கள், தடுப்பணை கட்டினார்கள். நல்ல வேலை. அது வயலுக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் மண்ணரிப்பைத் தடுக்க வந்த திட்டம். மண்ணரிப்பு என்றால் நம் மேட்டில் நடப்பதைவிடப் பெரிய மண்ணரிப்பு எங்கே இருக்கிறது? ஒரே மாவட்டத்தில், ஒரே ஆண்டில், ஒரு பக்கம் மைன்ஸ் பூட்டப்படுகிறது, இன்னொரு பக்கம் ஓடைகளைக் காக்கப் பணம் வருகிறது. அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு அதிகாரியும் இல்லை. தோழர்களே, நாமும் இல்லை. செட்டில்மென்ட் பணத்துக்கும் குடியிருக்கும் வீட்டுக்கும் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்தோம். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வயிறு முதலில். ஆனால் இன்னொரு முறை அப்படி நடக்க விடக்கூடாது.

சட்டம் நமக்குத் துணை வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்கவும் முடியாது. 1974இன் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் ஆலையையும் அதன் கழிவுநீர் வாயையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. நம் மேட்டுக்கு வாய் ஏது? மேடு முழுக்கவே வாய்தான். மாசுபட்ட இடங்களைத் துப்புரவாக்க 2025 ஜூலையில் மத்திய அரசு புது விதிகள் கொண்டுவந்தபோது, அப்பாடா, வந்துவிட்டது என்று நினைத்தேன். படித்துப் பார்த்தால் சுரங்க வேலையால் மாசுபட்ட இடங்களை அந்த விதிகளுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். அதற்கு வேறு சட்டம் இருக்கிறதாம். வேறு சட்டம் என்பது நமக்கு இரண்டு ஆண்டு தாமதமாக வந்த அந்தச் சுரங்கம் மூடும் விதிதான்.

இதே சிக்கலை அமெரிக்கா பார்த்திருக்கிறது. 1972இல் அவர்கள் போட்ட தூய நீர்ச் சட்டம் குழாய்களைப் பிடித்தது. ஆறுகள் பாதிதான் தெளிந்தன. மிச்ச அழுக்கு வயல், தெரு, கைவிட்ட சுரங்கம் என்று எங்கும் பரவிய இடங்களிலிருந்து மழையோடு வந்தது. 1987இல் சட்டத்தைத் திருத்தி, அந்த வகை மாசுக்கென்றே மாகாணங்களுக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்கினார்கள். அந்தப் பணத்தை ஓடையில் செலவழிக்க வேண்டுமானால் முதலில் ஒன்பது கூறுகள் கொண்ட நீர்வடிப்பகுதித் திட்டம் வேண்டும். மாசு எங்கிருந்து வருகிறது, எவ்வளவு குறைக்க வேண்டும், என்ன செலவு, யார் செய்வது, எந்தத் தேதிக்குள், குறைந்ததா இல்லையா என்று எப்படி அளப்பது. இதில் எதுவும் நமக்குப் புரியாத வித்தை இல்லை. ஷாஃப்ட் அடித்த ஊர் இது. 3 கிலோமீட்டர் ஆழத்துக்கு மேல் சாம்பியன் ரீஃபில் இறங்கி வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் ஓர் ஓடையை அளக்க முடியாதா?

கீழே பாலாற்றோரம் இருக்கும் நம் சொந்தங்களை நினைத்துப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோர் வட ஆற்காட்டிலிருந்தும் தர்மபுரி, சேலம் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள். அத்தை வீடு ஆம்பூரில், சித்தப்பா வீடு குடியாத்தத்தில், பெண் கொடுத்தது வாணியம்பாடியில். பாலாறு கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திராவில் 33, தமிழ்நாட்டில் 222 ஓடுகிறது. 1892 ஒப்பந்தத்திலிருந்து மேலே அணை கட்டலாமா, எத்தனை அடி உயர்த்தலாம் என்று மூன்று மாநிலமும் தண்ணீரின் அளவுக்குச் சண்டை போடுகின்றன. தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று சண்டை போட்டது கீழேயிருக்கும் மக்கள்தான். வேலூர்க்காரர்கள் தோல் பதனிடும் ஆலைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் போனார்கள். 1996 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதிப்படுத்தியது. இன்றைக்கும் இந்தியாவில் ஆறுகளுக்காக வழக்குப் போடுகிறவர்கள் அந்தத் தீர்ப்பைக் காட்டுகிறார்கள். நம் ஆற்றுத் தீர்ப்பு அது. ஆற்றின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் நாம் அதைக் கையில் எடுக்கவே இல்லை.

தீர்ப்பு வந்த கையோடு எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. அதே பாலாற்றுத் தோல் கழிவு பற்றி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு நீண்ட தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. ராணிப்பேட்டையில் குரோமேட் ஆலை ஒன்று 1990களில் மூடிப் போனது. கொட்டிக் கிடந்த லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவு மழைக்கு மழை நிலத்தடியில் இறங்கியது. மூடிய ஆலைக்கு முதலாளி இல்லை, கழிவுக்கு மட்டும் அழிவில்லை. நம் கதையைக் கேட்பது போல இல்லையா? பொறுப்பாளி கையில் பணம் இருக்கும்போதே, கையெழுத்துப் போட அவர் மேஜையில் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டால்தான் கிடைக்கும் என்பதை அந்தச் சொந்தங்கள் முப்பது வருடம் கோர்ட் படியேறிக் கற்றார்கள். நமக்கு இப்போது அந்த மேஜை போடப்படுகிறது.

பணம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்குக் கணக்குச் சொல்கிறேன். பொறுமையாகக் கேளுங்கள், அதிகாரியிடம் போய் நிற்கும்போது இதுதான் ஆயுதம்.

முதலாவது, மாவட்ட கனிம அறக்கட்டளை. 2015இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, சுரங்கம் உள்ள மாவட்ட மக்களுக்கென்றே உண்டாக்கிய நிதி. இதில் பெரும்பகுதி குடிநீர், சுகாதாரம், சுற்றுச்சூழல் பாதுகாப்பு போன்ற முன்னுரிமை வேலைகளுக்குத்தான் போக வேண்டும். முதலில் 60 சதவீதம் என்றிருந்ததை இப்போது 70 ஆக்கியிருக்கிறார்கள். நல்லது. ஆனால் இதை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள். முதன்மைத் தங்கத்துக்குச் சட்ட அட்டவணையில் ராயல்டி 4 சதவீதம். ஏலத்தில் எடுத்தவர் அந்த ராயல்டியில் 10 சதவீதத்தை அறக்கட்டளைக்குக் கட்டுவார். அந்தக் கணக்கே நம் மேட்டுக்கும் வந்தால், 1 கோடி ரூபாய்த் தங்கம் எடுத்தால் நம் மாவட்டத்துக்கு 40,000 ரூபாய். அதிலும் மாவட்டத்தில் நூறு கைகள் நீளும். ஒரு தடுப்பணைக்கே போதாது.

இரண்டாவது, மத்திய அரசின் நீர்வடிப்பகுதி மேம்பாட்டுத் திட்டம். மானாவாரி நிலத்துக்கு ஹெக்டேருக்கு 22,000 ரூபாய் வரைக்கும் தருகிறார்கள். மேடுகளின் 406 ஹெக்டேருக்கு மட்டும் கேட்டால் 90 லட்சம்கூடத் தேறாது. மேட்டைச் சுற்றியிருக்கும் ஓடைகள், ஏரிகள், கிராமங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு 5,000 ஹெக்டேராக எடுத்தால் 11 கோடி. கீழ்ப்பக்கத்து விவசாயிகளோடு சேர்ந்து கேட்டால்தான் இது வரும். அவர்கள் கன்னடம் பேசுவார்கள், தெலுங்கு பேசுவார்கள். ஏரி எல்லோருக்கும் ஒன்று. இந்த ஒரு காரியத்துக்காகவாவது லைனை விட்டு வெளியே போய் கிராமத்துத் திண்ணையில் உட்கார வேண்டும்.

மூன்றாவதுதான் பெரிது. ஏல நிபந்தனை. மேட்டை எடுக்கிறவர் தோண்டத் தொடங்குவதற்கு முன்னால் நீர்வடிப்பகுதித் திட்டத்துக்கான முழுத் தொகையைத் தனிக் கணக்கில் கட்ட வேண்டும், அந்தக் கணக்கில் ஊர்ப் பிரதிநிதிகள் கையெழுத்தும் இருக்க வேண்டும் என்று பத்திரத்தில் எழுதவைக்க வேண்டும். எழுதாமல் ஏலம் முடிந்தால், அப்புறம் நாம் பேசப்போவது சுவரோடு.

அரசிடம் பணமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீரை கோலார் ஏரிகளுக்குக் கொண்டுவர, 2018இல் தண்ணீர் வந்த கே.சி. வேலி திட்டத்துக்கு ஆயிரம் கோடிக்கு மேல் செலவழித்தார்கள். அந்தத் தண்ணீர் போதிய அளவு சுத்தமா என்று உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போனது. வெளியிலிருந்து ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவர அவ்வளவு பணம் செலவழிக்கும் அரசு, இங்கேயே பெய்யும் மழை கெடாமல் ஏரிக்குப் போக அதில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினால் போதும். நம் பகுதியில் ஆண்டு மழை 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான். வாய்க்கு எட்டுவதே அவ்வளவுதான், அதையும் மேட்டில் புரட்டி எடுத்தா குடிப்பது?

ஒரு கேள்வி உங்களில் பலர் மனதில் இருக்கிறது, எனக்குத் தெரியும். போன மாதம் ரயிலில் ஒரு தம்பி என் முகத்துக்கு நேரே கேட்டான். "அண்ணே, விடியக்காலை எழுந்து பெங்களூருக்கு ஓடி, ராத்திரி வந்து சேருறோம். இருபது வருஷம் கழிச்சு ஊர்ல வேலை வருதுன்னா, நீங்க தண்ணி, ஓடைன்னு சொல்லிக் கெடுக்கப் பாக்குறீங்களே?" அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அவன் அப்பா என் அப்பாவோடு ஒரே ஷிப்டில் இறங்கியவர். இருவருமே நுரையீரலில் பாறைத்தூளோடு போய்ச் சேர்ந்தார்கள்.

தம்பிக்கும் அவனைப் போல நினைக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். மேட்டை எடுக்காதே என்று நான் சொல்லவில்லை. சொன்னால் மேடு இப்படியே இருந்து இன்னும் நூறு வருஷம் கரையும். எடுத்தால் மேடு போய்விடும் என்று மட்டும் யாரையும் உன்னை நம்பவைக்க விடாதே. அந்த மண்ணில் ஒரு டன்னுக்கு ஒரு கிராம் தங்கம்கூட முழுசாக இல்லை. அந்தத் துளியை எடுத்துக்கொண்டு மிச்ச டன்னை எங்கே வைப்பார்கள்? மறுபடி அரைத்து, மறுபடி சயனைடு கரைசலில் போட்டு, புதிய குட்டையிலோ புதிய மேட்டிலோ இதே ஊரில்தான் வைப்பார்கள். அதோடு, இத்தனை வருஷ வெயிலில் மேல்தோல் இறுகிக் கிடக்கும் மேட்டை உடைத்துப் புது மண்ணை வெளியே எடுக்கிறார்கள். தோண்டிப் பாதியில் கிடக்கும்போது ஒரு பெரிய மழை வந்தால் இதுவரை பல வருடத்தில் போனது ஒரு பருவத்தில் போகலாம். 2021 நவம்பரில் பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். பேத்தமங்கலம் ஏரி நிரம்பி வழிந்தது, கீழே பாலாற்றில் நூறாண்டில் காணாத வெள்ளம் என்று வேலூரில் பேசினார்கள். அப்படியொரு மழை எந்திரம் நிற்கும் ஆண்டில் வராது என்று யார் எழுதித் தருவார்?

தென்னாப்பிரிக்காவில் மெரிஸ்ப்ரூயிட் என்று ஒரு ஊர். நம்மைப் போலவே தங்கச் சுரங்க ஊர். 1994 பிப்ரவரி 22 மாலை பெருமழை. ஊருக்கு மேலே இருந்த தங்கக் கழிவு அணை உடைந்து 6 லட்சம் கன மீட்டர் சேறு வீடுகளுக்குள் புகுந்தது. 17 பேர் செத்துப் போனார்கள். அது தண்ணீர் தேங்கி நின்ற அணை, நம் மேடு காய்ந்தது. இரண்டும் ஒன்றென்று சொல்லிப் பயமுறுத்த மாட்டேன். ஆனால் தங்கத்தை மறுபடி பிரித்தெடுப்பது என்றால் மண்ணைத் தண்ணீரில் கலந்துதான் செய்ய வேண்டும். கலந்த சேற்றை எங்கேயாவது தேக்கித்தான் ஆக வேண்டும். அந்தத் தேக்கத்துக்குக் கீழே எந்த லைன் இருக்கப் போகிறது என்று இன்றைக்கே கேட்க நமக்கு உரிமை உண்டு. ஜோகனஸ்பர்குக்கு மேற்கே கைவிட்ட சுரங்கங்களில் பம்பு நின்ற பிறகு தண்ணீர் ஏறி ஏறி, 2002இல் அமிலநீர் தரைக்கு மேலே வழிந்து ஓடைகளில் கலந்தது. நம் ஷாஃப்ட்களிலும் பம்பு நின்று இத்தனை ஆண்டாகிறது. திட்டம் மேட்டோடு நிற்கக்கூடாது, குழிக்குள் ஏறும் தண்ணீரையும் அளக்க வேண்டும்.

வேலை என்று கேட்டாயே தம்பி, இதிலும் வேலை இருக்கிறது, மேட்டை எடுக்கும் வேலையைவிட நீண்ட காலத்துக்கு. சரிவைப் படிப்படியாக வெட்டிச் சமன் செய்ய வேண்டும். மேட்டைச் சுற்றி மாலை போட்டது போல வாய்க்கால் வெட்டி, வெளியே பெய்யும் நல்ல நீர் உள்ளே வராமலும் உள்ளே பெய்த நீர் வெளியே தப்பாமலும் பிரிக்க வேண்டும். வண்டல் படியும் குட்டைகள் கட்டி ஆண்டுக்கு ஆண்டு தூர்வார வேண்டும். அமிலத்தை மட்டுப்படுத்தச் சுண்ணாம்புக் கல் பரப்பிய ஓடைகள் வேண்டும். மேலே நல்ல மண் போர்த்தி வெட்டிவேரும் புல்லும் நட்டு வேர் பிடிக்கும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். இதைச் செய்ய ஆள் எங்கே என்று தேடத் தேவையில்லை. கல் அடுக்கத் தெரிந்த கை, மரம் முட்டுக் கொடுக்கத் தெரிந்த கை, மண்ணின் குணம் தெரிந்த கை இந்த ஊரில் இன்னும் இருக்கிறது. இந்த வேலைகளில் உள்ளூர்க்காரருக்கு முதல் இடம் என்பதும் ஏல நிபந்தனையில் வர வேண்டும். நாம் இரண்டையும் சேர்த்தே கேட்போம்.

வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் திட்டத்துக்குப் பணம் கேட்கிறேன் என்றால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். காகிதத்துக்கு எதற்குக் காசு, நேராக அணையைக் கட்டலாமே என்கிறார்கள். எந்த ஓடையில் எவ்வளவு வருகிறது என்று தெரியாமல் கட்டிய தடுப்பணை, விஷ மண்ணைத் தேக்கி வைக்கும் தொட்டியாகிவிடும். மாடு அதில்தான் வந்து குடிக்கும். எங்கே தடுப்பது, எங்கே தடுக்கவே கூடாது என்பதைச் சொல்வதுதான் திட்டம். மொத்தச் செலவில் சின்னப் பங்குதான் அது. அந்தச் சின்னப் பங்கை மிச்சம் பிடித்துவிட்டு, மிச்சத்தில் ஒரு பூங்காவும் ஒரு காம்பவுண்டு சுவரும் ஒரு கல்வெட்டும் வைத்துவிட்டுப் போக நாம் இடம் தரக்கூடாது.

1930இல் கைரேகை பதியச் சொன்னபோது நம் தாத்தாக்கள் 21 நாள் இறங்க மாட்டோம் என்று நின்றார்கள். 1946 நவம்பர் 4 அன்று ஆறு தோழர்கள் போலீஸ் குண்டுக்கு விழுந்தார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் சொல் கேட்டு 1907லேயே மாரிக்குப்பத்தில் சங்கம் கட்டிய ஊர் இது. பள்ளிக்கூடமும் பத்திரிகையும் புத்தகசாலையும் தாங்களே உண்டாக்கிக்கொண்டவர்கள். யாராவது கொண்டுவந்து கொடுக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. சினிமாக்காரர்கள் மேட்டில் வந்து படமெடுத்து நம் ஊர்ப் பெயரை உலகத்துக்குச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பெயரைக் கேட்டவர்கள் அந்த மேட்டின் அடிவாரத்தில் இருக்கும் குட்டையைப் பார்க்கவில்லை. அதை நாம் காட்ட வேண்டும்.

ஆகவே, வேலையைச் சொல்கிறேன். வரும் ஞாயிறு காலை ஆறரைக்கு சாம்பியன் ரீஃப் பக்கம் கூடுவோம். அங்கிருந்து ஓடை ஓடையாக நடப்போம். ஒரு குழு உரிகாம் பக்கம், ஒரு குழு கோரமண்டல், மாரிக்குப்பம் பக்கம், ஒரு குழு ஆண்டர்சன்பேட்டைப் பக்கம். ஒவ்வொரு மேட்டிலிருந்தும் தண்ணீர் எங்கே இறங்குகிறது, எந்தக் கால்வாயில் சேருகிறது, எந்த ஏரியில் முடிகிறது என்று படம் போடுவோம். பள்ளி ஆசிரியர்களாக இருக்கும் தோழர்கள் வரைபடத் தாள் கொண்டு வாருங்கள். கல்லூரிப் பிள்ளைகள் போனில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சுயஉதவிக் குழு அக்காக்கள் கட்டாயம் வர வேண்டும். எந்தக் குட்டையில் துணி துவைத்தால் கை அரிக்கிறது என்று உங்களைவிட யாருக்கும் தெரியாது. ஓய்வு பெற்ற மில் ஆட்கள், ஆய்வுக்கூட ஆட்கள் இருந்தால் வீட்டிலிருந்தே கூட்டி வருகிறேன், நடக்க முடியாதவர்களுக்கு ஆட்டோ ஏற்பாடு செய்வோம். எந்த மேட்டில் எந்த ஆண்டில் என்ன கொட்டினார்கள் என்பது அவர்கள் தலைக்குள் இருக்கிறது. அவர்கள் போய்விட்டால் அதுவும் போய்விடும்.

அமிலம் காட்டும் தாள் கட்டு விலை அதிகமில்லை, நான் வாங்கி வைத்திருக்கிறேன். ஆர்சனிக்குக்கும் உலோகங்களுக்கும் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அதற்கு வீட்டுக்கு 50 ரூபாய் போடுவோம். முதல் மாதிரி மழைக்கு முன்னால் எடுப்போம். இரண்டாவது, பெருமழை பெய்த அன்றே, தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். ராத்திரி மழையானாலும் குடையோடு ஓட நாலு பேர் வேண்டும். யார் யார் என்று ஞாயிறு அன்றே பெயர் எழுதுவோம்.

அந்தப் படத்தையும் அந்தக் கணக்கையும் வைத்து நவம்பர் 4க்கு முன்னால் மாவட்ட ஆட்சியரிடமும் மாவட்ட கனிம அறக்கட்டளையிடமும் மனு கொடுப்போம். ஒரு நகல் சுரங்க அமைச்சகத்துக்கு, ஒரு நகல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு, ஒரு நகல் கீழே வாணியம்பாடி, ஆம்பூர் தோழர்களுக்கு. கன்னடத்திலும் தமிழிலும் எழுதுவோம். கிராமத்துப் பஞ்சாயத்துகளின் தீர்மானத்தையும் சேர்த்துக் கட்டுவோம். பதில் வரவில்லை என்றால் சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. ரயில் ஏறத் தெரிந்தவர்கள் நாம்.

ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள், குட்டைத் தண்ணீரில் வெறுங்காலை வைக்காதீர்கள். குழந்தைகளைக் கூட்டி வந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெறும் பாட்டில் வேண்டாம், ஆய்வுக்கூடம் தந்த சுத்தமான புட்டி நான் கொண்டு வருகிறேன். சாம்பியன் ரீஃப், ஞாயிறு, காலை ஆறரை.